கொசுவலையா, மாத்திரையா, கையில் காசா, கிராமத் தத்தெடுப்பா?

ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று நாலு பேர் சேர்ந்து பணம் திரட்டினால், திரட்டுவது சுலபமாக முடிந்துவிடுகிறது. எதற்குக் கொடுப்பது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறோம். ஒருவர் கொசுவலை என்பார். இன்னொருவர், "வலை கொடுத்தால் பசி தீருமா? காசாகக் கொடுங்கள், என்ன வாங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்" என்பார். மூன்றாமவர், ஒரு கிராமத்தையே தத்தெடுத்துப் பள்ளி, கிணறு, மருத்துவமனை எல்லாம் செய்து கொடுப்போம் என்பார். எங்கள் நண்பர்கள் வட்டத்திலும் இரண்டு ஆண்டாக இதே பேச்சு. பேசிக்கொண்டே இருந்ததில் பணம் வங்கியிலேயே கிடந்தது. அது உறுத்தியதால்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

படித்தபோது ஒரு விஷயம் உதவியாக இருந்தது. இந்த வழிகளில் பெரும்பாலானவை ஒரே மாவட்டத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கின்றன. கென்யாவின் மேற்கில், விக்டோரியா ஏரிக்கரையில் சியாயா என்ற மாவட்டம். லுவோ மக்கள் வாழும் ஊர்கள். மக்காச்சோளம் விதைப்பார்கள், ஏரியில் மீன் பிடிப்பார்கள். மலேரியா அங்கே ஆண்டு முழுக்க உண்டு. 1990களின் கடைசியில் அங்கே 200க்கும் மேற்பட்ட கிராமங்களில் கொசுவலையைச் சோதித்தார்கள். 2004இல் அதே மாவட்டத்தின் சௌரியில், ஒரு ஊருக்கு எல்லாமும் சேர்த்துச் செய்து கொடுக்கும் 'மில்லினியம் கிராமம்' தொடங்கியது. அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 653 கிராமங்களை எடுத்துக்கொண்டு காசு கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். மலேரியா தடுப்பூசியின் பெரிய சோதனை நடந்த இடங்களில் ஒன்றும் சியாயாதான். அதனால் இந்தக் கட்டுரையில் அடிக்கடி அந்த ஊருக்குத் திரும்பி வருவேன்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில், உயிர். 2023இல் உலகம் முழுக்க மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 6 லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஆகவே, நாம் கொடுக்கும் காசு எத்தனை குழந்தைகளைக் காக்கும் என்ற கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது.

இரண்டாவது, வறுமை. இதையும் மலேரியாவையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது, காரணம் மழை. மழை வந்தால்தான் விதைப்பும் களையெடுப்பும். அதே மழையில்தான் கொசுவும் பெருகும். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில் ஜூலை முதல் அக்டோபர் வரை இந்த நெருக்கடி. போன ஆண்டுக் கம்பும் சோளமும் குதிரில் தீர்ந்துகொண்டிருக்கும், புதுக் கதிர் இன்னும் முற்றியிருக்காது, காட்டில் வேலை தலைக்குமேல் கிடக்கும். சரியாக அப்போதுதான் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். தாய் அதைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தால் அன்றைய களையெடுப்பு போச்சு. மருந்துக்கும் வண்டிக்கும் ஆட்டை விற்றால் அடுத்த ஆண்டுக்கு இருந்த முதல் போச்சு.

மூன்றாவது, பலன் எத்தனை நாள் நிற்கும். நான்காவது, ஆதாரம் எவ்வளவு உறுதி. ஐந்தாவதாக நான் சேர்த்துக்கொண்டது, முடிவை யார் எடுக்கிறார்கள் என்பது. நாமா, அந்த ஊர்க்காரர்களா? இதை நன்கொடையாளர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1,000 டாலர் என்ன செய்யும் என்று ஒரு தோராயக் கணக்கு:

| வழி | 1,000 டாலருக்கு | உயிர் காக்கும் ஆதாரம் | வறுமையில் மாற்றம் | எத்தனை காலம் |
|---|---|---|---|---|
| கொசுவலை | சுமார் 180 வலை, 300 பேருக்கு மேல் | மிக உறுதி | மறைமுகமாக | 2 முதல் 3 ஆண்டு |
| மழைக்கால மலேரியாத் தடுப்பு மாத்திரை | சுமார் 140 குழந்தைகள் | உறுதி | மறைமுகமாக | அந்த ஒரு பருவம் |
| கையில் காசு | ஏறக்குறைய ஒரு குடும்பம் | புதியது, சியாயாவில் பெரிய பலன் | நேரடியாக | சில ஆண்டுகள் |
| கிராமத் தத்தெடுப்பு | 8 பேருக்கு ஓர் ஆண்டு | கலவையானது | தெளிவாகத் தெரியவில்லை | யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதைப் பொறுத்தது |

## கொசுவலை

நாம் வீட்டில் கட்டுகிற வலை வேறு, இது வேறு. நூலிலேயே பூச்சிக்கொல்லி சேர்ந்திருக்கும். கொசு வந்து உட்கார்ந்தால் செத்துவிழும். இதனால் ஒரு கூடுதல் நன்மை உண்டு, அதைத் தெளிவாகக் காட்டியது சியாயாவின் சோதனை. வலை கொடுத்த கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 16 சதவீதம் குறைந்தது. அதோடு, வலையே கட்டாத வீடுகளிலும், வலை கட்டிய வீடுகளிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்தால், குழந்தைகள் ஓரளவு தப்பித்தார்கள். ஊரில் கொசுவே குறைந்துபோனதுதான் காரணம்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று: வலையைத் தூவக் கூடாது. பத்து கிராமத்துக்குப் பத்துப் பத்து வலை கொடுப்பதைவிட, ஒரு வட்டாரத்தில் ஒரு வீடு விடாமல் கொடுப்பது மேல். இதைத் தனியாள் செய்ய முடியாது. அந்தந்த நாட்டு அரசு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நடத்தும் பெருவிநியோகத்தோடு சேர்ந்துதான் செய்ய முடியும். 2004இல் பிரிட்டனில் தொடங்கிய அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு செய்வது இதைத்தான்.

எங்கள் நண்பர் ஒருவர், "கரூரில் தெரிந்தவர் இருக்கிறார், நேரே வலை வாங்கிக் கப்பலில் அனுப்பிவிடலாமே" என்றார். கரூர் ஆலைகளின் பூச்சிக்கொல்லி வலைகள் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி (தர ஒப்புதல்) பெற்று ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போய்க்கொண்டிருப்பது உண்மைதான். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் வலையின் விலை 2 டாலர் அளவுதான். வீடு வீடாகக் கணக்கெடுத்து, சுங்கம் கடந்து, லாரி போகும் வரை லாரியிலும் அதற்கப்பால் சைக்கிளிலும் படகிலும் கொண்டுபோய்ச் சேர்க்க, எல்லாம் சேர்த்து ஒரு வலைக்கு 5 முதல் 6 டாலர் ஆகிறது. தனியாக அனுப்பினால் அந்த மீதிச் செலவு நம் தலையில் பல மடங்காக விழும்.

இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், சிறு தொகையாவது வாங்க வேண்டும் என்ற வாதமும் உண்டு. இதையும் கென்யாவிலேயே சோதித்தார்கள். கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுத்த வலைக்கு 60 சென்ட் விலை வைத்ததும், வாங்குவோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாக வாங்கியவர்கள், காசு கொடுத்து வாங்கியவர்கள் அளவுக்கே வலையைப் பயன்படுத்தினார்கள். எனக்கு அதற்கு மேல் அந்த வாதம் தேவைப்படவில்லை.

வெளியில் தெரியாத செலவுகளுக்கு வருவோம். மூன்று ஆண்டு உழைக்கும் என்று சொன்னாலும் பல வீடுகளில் அதற்கு முன்பே கிழிந்துவிடும். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் குடிசையில் தினமும் கட்டி அவிழ்க்க வேண்டும். புழுக்கமான இரவில் பிள்ளைகள் வெளியே உருண்டுவிடும். விக்டோரியா ஏரிக்கரையில் ஒமேனா என்ற பொடிமீனை உலர்த்த வலையை விரிப்பதும் நடக்கிறது. நெத்திலி காயப்போடும் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பழைய வலையா புது வலையா என்று பார்க்காமல் இதை வைத்து அந்த மக்களைக் குறைசொல்வது சரியில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், கொசு பழைய மருந்துக்குப் பழகிவிட்டது. பைரித்ராய்டு என்ற அந்தப் பழைய பூச்சிக்கொல்லி மட்டும் உள்ள வலைகள் பல நாடுகளில் முன்போல வேலை செய்வதில்லை. குளோர்ஃபெனபிர் என்ற இரண்டாவது மருந்தும் சேர்த்த வலையைத் தான்சானியாவிலும் பெனினிலும் சோதித்தபோது, பழைய வகை வலையோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்கு மலேரியா வருவது இரண்டு ஆண்டில் முறையே 44, 46 சதவீதம் குறைந்தது. 2023இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. விலை கொஞ்சம் கூடுதல். நன்கொடை கொடுக்குமுன் "எந்த வகை வலை?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத அமைப்புக்கு நான் கொடுக்க மாட்டேன்.

## மழைக்கால மாத்திரை

மலேரியா சில மாதங்களில் மட்டும் கொட்டித்தீர்க்கும் ஊர்களுக்கானது இது. பர்கினா ஃபாசோ, நைஜர், மாலி, சாட், வட நைஜீரியா போன்ற இடங்கள். மழை தொடங்கியதிலிருந்து நாலைந்து மாதம், மாதம் ஒரு முறை, மூன்று மாதக் குழந்தை முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களுக்கு மூன்று நாள் மாத்திரை. முதல் நாள் மருந்தை ஊர்த் தொண்டர் வீட்டு வாசலில் நின்று கொடுப்பார், மீதி இரண்டு நாள் தாயின் பொறுப்பு. சோதனைகளில் மலேரியாக் காய்ச்சல் முக்கால் பங்கு குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2012இல் பரிந்துரைத்தது. இப்போது ஆண்டுக்கு 5 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெறுகிறார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு பருவத்துக்கு 7 டாலர் அளவு செலவு. இதில் முன்னணியில் நிற்பது மலேரியா கன்சார்ட்டியம் என்ற தொண்டு அமைப்பு.

களையெடுப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதால், வறுமையின் மிக மோசமான மாதத்தில் கைகொடுக்கும் வழி என்று இதைத்தான் சொல்வேன்.

ஆனால் பருவம் முடிந்தால் பாதுகாப்பும் முடிந்தது, அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் மூன்றாம் நாள் மாத்திரையைக் குழந்தை துப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. பாதுகாப்பில்லாத பகுதிகளில் தொண்டர்கள் உயிரைப் பணயம் வைத்து நடக்கிறார்கள். சியாயா போல ஆண்டு முழுக்க மலேரியா உள்ள இடத்துக்கு இது பொருந்தாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த மருந்துகளில் ஒன்றுக்குக் கிருமி வெகுவாகப் பழகியும்விட்டது.

## கையில் காசு

இதில்தான் என் எண்ணம் மாறியது.

கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற போன்வழிப் பணச்சேவை வந்த பிறகு, சாதாரண பட்டன் போன் வைத்திருக்கும் கிராமத்துப் பெண்ணுக்கும் நேராகப் பணம் அனுப்ப முடிந்தது. கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு இதைப் பிடித்துக்கொண்டது. சியாயாவில் பணம் கொடுக்கத் தேர்ந்த கிராமங்களில் கூரைவீடு என்பதையே அடையாளமாக வைத்து, புல் வேய்ந்த வீட்டில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சுமார் 1,000 டாலர், மூன்று தவணையில். எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இல்லை. பலர் தகரக்கூரை போட்டார்கள், மாடு வாங்கினார்கள், சிறு கடை வைத்தார்கள். சாராயத்தில் கரைக்கவில்லை.

வெளியூர்க் காசு கொட்டினால் விலைவாசி ஏறிவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. ஏறியது 0.1 சதவீத அளவுதான். கொடுத்த ஒவ்வொரு டாலரும் உள்ளூரில் கைமாறி ஏறத்தாழ 2.5 டாலர் அளவுக்கு வருமானத்தைக் கிளப்பியது. காசு வாங்காத பக்கத்து வீடுகளும் பக்கத்து ஊர்க் கடைகளும் பயனடைந்தன.

அப்புறம் 2025இல் அதே கிராமங்களைப் பற்றி இன்னோர் ஆய்வு வந்தது. காசு வந்த வீடுகளில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு கிட்டத்தட்ட பாதியாக, 48 சதவீதம், குறைந்திருந்தது. பிரசவத்தையொட்டிப் பணம் வந்த வீடுகளிலும், மருத்துவர் உள்ள இடத்துக்கு அருகில் இருந்த வீடுகளிலும் பலன் கூடுதல். கையில் காசு இருந்ததால் நிறைமாதப் பெண்கள் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள், மருத்துவமனையில் பிரசவம் பார்த்தார்கள், வீட்டில் சாப்பாடு இருந்தது. நிறைமாதத்தோடு மண்வெட்டி பிடிக்காமல் இருக்க ஒரு பெண்ணுக்குக் கிடைத்த ஓய்வு, குழந்தையின் உயிராக மாறியிருக்கிறது. வறுமைக்குக் கொடுக்கும் காசு, நோய்க்குக் கொடுக்கும் காசு என்று நான் போட்டுவைத்திருந்த கோடு அன்றோடு அழிந்தது.

ஆனாலும் கணக்கை மறைக்க விரும்பவில்லை. ஓர் உயிருக்கு எத்தனை டாலர் என்று மட்டும் பார்த்தால், காசு வலையைவிடப் பல மடங்கு செலவு. வலையிலும் மாத்திரையிலும் ஓர் உயிரைக் காக்க ஏறத்தாழ 5,000 டாலர் என்ற அளவில் மதிப்பிடுகிறார்கள். அதே 5,000 டாலர் காசாகப் போனால் ஐந்து குடும்பத்துக்குக்கூட முழுசாக வராது. நிர்வாகம், பணம் அனுப்பும் செலவு எல்லாம் போக நூற்றுக்கு 80 அளவுதான் கைக்குப் போய்ச்சேரும். நாலு குடும்பத்தின் வாழ்க்கை தூக்கிவிடப்படும், ஆனால் மருத்துவர் பக்கத்தில் இல்லாத ஊரில் கையில் உள்ள காசு எதை வாங்கும்?

தகரக்கூரை வீட்டுக்காரர் பட்டியலில் விடுபட்டு மனம் புழுங்குவதும், வீட்டில் யார் கையில் போன் இருக்கிறதோ அவர் சொல்வதே நடப்பதும் டாலர் கணக்கில் வராத செலவுகள். மோசடியும் நடக்கும். 2022இல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே தெற்கு கிவுவில், ஊழியர்களே உடந்தையாகி ஏறக்குறைய 9 லட்சம் டாலர் களவு போனது. அமைப்பே அதை வெளியில் அறிவித்தது. மறைக்காமல் சொன்னதை நான் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

## கிராமத் தத்தெடுப்பு

மனசுக்கு மிகவும் பிடித்த வழி இது, என்னையும் சேர்த்து. ஒரே ஊர், அங்கே எல்லாமும். பொருளாதார அறிஞர் ஜெஃப்ரி சாக்ஸ் முன்னின்று நடத்திய மில்லினியம் கிராமங்கள் திட்டம் பத்து நாடுகளில் இதைத்தான் செய்தது. சௌரியில் உரமும் ஒட்டுவிதையும் கொடுத்தார்கள், எக்டேருக்கு 2 டன்னுக்கும் குறைவாக இருந்த மக்காச்சோளம் 5 டன்னைத் தொட்டது. எல்லா வீட்டுக்கும் வலை, பள்ளியில் மதிய உணவு, சுகாதார நிலையம், தண்ணீர். ஆளுக்கு ஆண்டுக்கு 120 டாலர் சுற்று, அரசும் ஊராரும் மற்ற அமைப்புகளும் போட்ட பங்கு சேர்த்து.

2015இல் முடிந்த திட்டத்தின் மதிப்பீடு 2018இல் வெளிவந்தது. பார்த்த 40 அளவுகோல்களில் 30இல் நல்ல மாற்றம். விவசாயமும் சுகாதாரமும் நன்றாகவே முன்னேறியிருந்தன. ஆனால் வீட்டுச் செலவை வைத்து அளந்த வறுமையில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தொடக்கத்திலேயே வேறு கிராமங்களைத் தேர்ந்து வைக்காததால், ஆதாரமும் தளர்வாகவே நிற்கிறது. குழந்தை இறப்பு நாட்டின் வேகத்தைவிட மூன்று மடங்கு வேகமாகக் குறைந்தது என்று 2012இல் சொன்னதை ஆசிரியர்களே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. விளைச்சல் கூடியது என்பதற்காக அது தானாகப் பணமாகாது. எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் சோளம் குவிந்தால் சேர்த்துவைக்க இடம் வேண்டும், சந்தைக்குச் சாலை வேண்டும்.

சாக்ஸிடம் இருந்த பணமும் ஆளும் நம்மைப் போன்ற சிறு குழுவிடம் இருக்காது. கட்டடம் கட்டிக் கொடுத்துவிடலாம், அதில் உட்காரும் செவிலியரின் சம்பளத்தை ஆறாவது ஆண்டு யார் தருவார்கள்? அடிபம்பின் வாஷர் தேய்ந்தால் எங்கே வாங்குவார்கள்? இதற்கெல்லாம் பதில் எழுத்தில் இருந்தால் மட்டும் தத்தெடுப்பைப் பற்றிப் பேசலாம். நீங்களோ உங்கள் குடும்பமோ அந்த நாட்டில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து, மொழி தெரிந்து, மாவட்ட அலுவலகத்தோடு பழக்கம் இருந்தால் நிலைமை வேறு. அப்போது உங்களால் முடிவது வெளியிலிருந்து காசோலை அனுப்புபவரால் முடியாது.

## தடுப்பூசி பற்றிச் சுருக்கமாக

2021இல் முதல் மலேரியா தடுப்பூசியும், 2023இல் ஆர்21 என்ற இரண்டாவதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்றன. ஆர்21 தயாராவது புனேயில். முதல் தடுப்பூசியை 2024 ஜனவரியில் கேமரூன் தன் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. நல்ல செய்தி. ஆனால் இது அரசுகள் வழியாகவும் கேவி என்ற உலகத் தடுப்பூசிக் கூட்டமைப்பு வழியாகவும் போவது, தனி நன்கொடைக்கு அங்கே பெரிய இடமில்லை. நான்கு தவணையும் போட்ட குழந்தைக்கும் வலை வேண்டும்.

## யாருக்கு எது?

ஆண்டுக்குச் சில நூறோ சில ஆயிரமோ டாலர் கொடுப்பவர், ஆப்பிரிக்காவில் யாரையும் தெரியாது, குழந்தைகள் சாகக் கூடாது என்பதே முதல் கவலை என்றால் வலை அல்லது மாத்திரை. இரண்டில் எது என்பதை இடம் தீர்மானிக்கட்டும். ஆண்டு முழுக்க மலேரியா என்றால் வலை, மழையோடு வந்து மழையோடு போனால் வலைக்கு மேல் மாத்திரையும். 2025இல் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியைத் திடீரென வெட்டியபோது இந்த இரண்டு வேலைகளும் பல இடங்களில் தடுமாறின. அதனால் சிறு தொகைக்கும் முன்பைவிட மதிப்பு கூடியிருக்கிறது.

வலை ஏற்கெனவே எல்லா வீட்டிலும் உள்ள, சுகாதார நிலையம் எட்டும் தூரத்தில் உள்ள ஏழை ஊர் என்றால் காசு. மக்கள் தங்கள் தேவையைத் தாங்களே முடிவுசெய்ய வேண்டும் என்பது உங்களுக்கு முக்கியம் என்றாலும் காசு. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திட்டம் கிடைத்தால் நான் தயங்கவே மாட்டேன். தத்தெடுப்பு, பத்து ஆண்டு நிற்கத் தயாராகவும் ஒப்படைக்க ஆள் இருப்பதாகவும் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

எங்கள் வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மாத்திரைக்கும் வலைக்கும், ஒரு பங்கைக் காசுக்கும் என்று ஒத்துக்கொண்டோம். தத்தெடுப்பு கேட்ட நண்பருக்கு வருத்தம்தான். அவர் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

நம் பக்கத்துச் செலவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் சிறு தொகையாக வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கிக் கட்டணமும் நாணய மாற்றும் கணிசமாகத் தின்றுவிடும். ஒன்றாகச் சேர்த்து ஆண்டுக்கு ஒரு முறை அனுப்புங்கள். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை கிடையாது. பிரிட்டன், அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்கள் அங்கே பதிவான கிளை வழியாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்கும். குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் பெயரில் கொடுப்பதே மிச்சம்.

மாத்திரைக்குக் கொடுப்பதாக இருந்தால் காலண்டரைப் பாருங்கள். சாஹேலில் ஜூலையில் மழை இறங்கும்போது மருந்து ஊர்க் கிடங்கில் இருக்க வேண்டும். அதற்கான ஆர்டர் பல மாதங்களுக்கு முன்பே ஆலைக்குப் போயிருக்க வேண்டும். நாங்கள் இந்த முறை டிசம்பரிலேயே அனுப்பிவிட்டோம்.